ஏழாம் நம்பர் அட்டையில் பத்து ஓட்டை

போலீஸ்காரர்கள் துப்பாக்கி சுடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன் என்றால் என் வீட்டில் இப்போதும் யாரும் நம்புவதில்லை. எண்பதுகளில், மூன்றாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவுக்குத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா ஆயுதப்படையில் கான்ஸ்டபிள். வருஷா வருஷம் நடக்கும் சுடும் பயிற்சியின் கடைசி நாளில் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வரலாம் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தாராம். மாமாவுக்குப் பிள்ளைகள் இல்லாததால் அந்த மரியாதை எனக்குக் கிடைத்தது.

அன்று காலையில் அத்தை எதுவும் சாப்பிடவில்லை. சுடுவதில் நல்ல மார்க் வாங்கினால்தான் மாமாவின் பெயர் ஹெட் கான்ஸ்டபிள் பட்டியலில் ஏறும், சட்டைக் கையில் மூன்று பட்டை வரும். "பதினாலு வருசமா பாத்துக்கினு இருக்கேன்" என்று அத்தை என் தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள். பட்டைக்கு ஏங்கிய வேகம் முழுவதையும் என் சடையில் காட்டிவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் எங்கள் வழக்கமான விளையாட்டு நடந்தது. எங்கே போனாலும் தூரத்தில் வருகிற பஸ்ஸைக் காட்டி, "இது எங்க போவுதுன்னு படி பாக்கலாம்" என்பார் மாமா. பஸ் திரும்புவதற்குள் நான் படித்துவிடுவேன். "அடேங்கப்பா, கலெக்டராத்தான் போவப்போற" என்பார். எனக்கு இருந்த தலைக்கனத்தில் பாதி மாமா ஊட்டியது. அன்றும் செஞ்சி பஸ்ஸை நான்தான் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

கூட்டு ரோட்டில் இறங்கி வேர்க்கடலை போட்ட ஒரு மல்லாட்டைக் கொல்லையைத் தாண்டினால் மொட்டைப் பாறை. அதற்கு முன்னால் மண்மேடு, மேட்டில் வரிசையாக ஆள் உருவம் வரைந்த அட்டைகள். ஒவ்வொரு தலைக்கு மேலும் ஒரு நம்பர். பிள்ளைகளைத் தார்ப்பாய் நிழலில் உட்காரவைத்துக் காதில் பஞ்சு அடைத்தார்கள். முதல் வெடிக்கே ஒரு பையன் அழுதான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மாமாவுக்கு ஆறாம் நம்பர். ஆளுக்கு ஐந்து குண்டு. குப்புறப் படுத்துச் சுட்டார். விசில் ஊதி எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்ததும் ஒருவர் ஓட்டைகளை எண்ணப் போனார். போனவர் அங்கிருந்தே சிரித்தார். ஆறாம் நம்பர் அட்டை கடையில் வாங்கிய மாதிரியே இருந்தது. ஏழாம் நம்பரில் பத்து ஓட்டை.

"பக்கத்து ஆளுக்கு மொய் எழுதிட்டியேய்யா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கண்ணுல வேர்வ எறங்கிடுச்சிங்கய்யா."

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். "சரி, இன்னொரு வாட்டி படு" என்றார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

ஆனால் தார்ப்பாய்க்கு அடியில் பிள்ளைகள் என் மாமாவைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நேரே இன்ஸ்பெக்டரிடம் போனேன். "நான் மாமா பக்கத்துல நின்னுக்கினு நம்பர் சொல்லட்டுங்களா? பஸ் போர்டெல்லாம்கூட நான்தான் அவருக்குப் படிச்சிச் சொல்றேன்" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் மாமாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். கொல்லைக்கு அப்பால் ரோட்டில் ஒரு பஸ் வந்து நின்றது. "அது எங்கய்யா போவுது?" என்று கேட்டார். மாமா அந்தப் பக்கம் திரும்பினார். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல நான் வாயை மூடியும் மூடாமலும், "மேல்மலையனூர்" என்றேன். மாமாவின் காதில் விழுந்தது எனக்கு நன்றாகத் தெரியும்.

"தெரியலைங்கய்யா" என்றார் மாமா.

அதற்கப்புறம் மாமாவைப் படுக்கச் சொல்லவில்லை. மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், பிறகு ஆபீசில் தபால் பிரிக்கும் வேலையில் உட்காரவைத்தார்கள். பட்டை கடைசிவரை வரவில்லை. இதெல்லாம் நான் பெரியவளான பிறகு அம்மா சொல்லித் தெரிந்தது. அன்று எனக்கு இருந்ததெல்லாம் கோபம்தான். சரியான விடையை நான் காதில் சொல்லியும் அதைத் திருப்பிச் சொல்லாமல் நிற்கிற ஆளை என்ன செய்வது?

கூட்டு ரோட்டில் நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொள்ளாமல் தள்ளி நின்றேன். அவராகக் கேட்கட்டும் என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். இரண்டு பஸ் வந்து போயின. ஒன்று விழுப்புரம் பஸ். மூன்றாவது வந்தபோது மாமா, அங்கே வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம், "இது விழுப்புரம் போவுதாம்மா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்றார்.

நான் இருக்கும்போது ஊர் பேர் தெரியாத ஒருத்தியைக் கேட்கிறாரே என்று எனக்கு அழுகை வந்தது. இனி அவர் கேட்டாலும் படித்துச் சொல்வதில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்துகொண்டேன். மாமா அதற்கப்புறம் என்னைக் கேட்கவே இல்லை.