அக்காவின் ஏழாம் பக்கம்

காலை ஆறு மணி இருபது நிமிடத்திற்கு ஈப்போ மருத்துவமனை அறைக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது அக்காவின் மூக்குக்கண்ணாடி. மடித்த அச்சுப்படி ஒன்றின் மேல் அது இருந்தது. அருகில், மூடி திறந்த சிவப்புப் பேனா. தாதி திரையை விலக்கிக்கொண்டிருந்தார். "இப்பத்தான் அண்ணே, தூக்கத்துலயே" என்றார்.

எங்கள் அக்கா தாப்பாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், பால்மரம் வெட்டும் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அம்மா நோயில் விழுந்த பிறகு, விடியுமுன் அப்பாவோடு மரம் வெட்டிவிட்டு, கையில் பால் வாடை போகாமலே பள்ளிக்கு ஓடுவார். எனக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்ததும் அவர்தான். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "நேரம் இல்லலா" என்பார்.

தலைநகர் நாளிதழ் ஒன்றுக்குப் பல ஆண்டுகள் பேராக் மாநிலச் செய்தியாளராக இருந்தார். தோட்டத்துச் செய்திகளுக்கு அங்கே இடம் குறைந்ததும் வேலையை விட்டார். ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் எட்டுப் பக்க வார இதழைத் தொடங்கினார். அவரும், பக்கம் வடிவமைக்கும் செல்வியும் மட்டுமே ஊழியர்கள்.

இதழைத் தாங்கியது அதன் ஏழாம் பக்கம். குடும்பங்கள் பணம் கட்டிப் போடும் மரண அறிவிப்புகளும் நினைவஞ்சலிகளும் அதில்தான் வரும். தொடங்கிய புதிதில் ஒரு தவறு நேர்ந்தது. ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் இருவர். இறந்தவரின் அறிவிப்பில் இருப்பவரின் படம் வந்துவிட்டது. படத்துக்குரியவர் இதழும் கையுமாக மாடியேறி வந்தார்.

"என்னம்மா, நான் போய்ட்டேனா? பெண்டாட்டி ஒரு வார்த்தை சொல்லலயே லா!"

அக்கா அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். மறுவாரம் அதே அளவில் மன்னிப்பு வெளியிட்டார். அன்றுமுதல் ஒவ்வோர் அறிவிப்பையும் அச்சுக்குப் போகுமுன் அந்த வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்து முழுவதும் வாசித்துக் காட்டுவார். பெயர்கள் வரும்போது மறுமுனையில் அழுவார்கள். அக்கா காத்திருப்பார். பிறகு அடுத்த பெயரை வாசிப்பார்.

சென்ற ஆண்டு, வளரும் நாடுகளில் சுயேச்சை ஊடகங்களின் நிலையை ஆராயும் வெளிநாட்டு அமைப்பு ஒன்று கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆய்வாளரை அனுப்பியது. தமிழ்ப் பெண். நான் அன்று அங்கே இருந்தேன்.

"மேடம், உங்களோட பெரிய விளம்பரதாரர் யாரு?"

"செத்தவங்கதாம்மா."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்கதான் போன் பண்ணி, இந்தச் செய்திய நிறுத்துன்னு சொல்லமாட்டாங்க."

"இப்ப சாவுச் செய்தி எல்லாம் வாட்ஸ்அப்லயே வந்துடுதே அக்கா?"

மேடம் அக்காவானதை நான் கவனித்தேன். "அதான்மா கவலை" என்றார் அக்கா.

அறிக்கை வந்தது. சுதந்திரம் நன்று, நிலைத்திருக்கும் வாய்ப்பு பலவீனம் என்று அதில் இருந்தது. அக்கா இருமுறை படித்தார். "சரியாத்தான் எழுதியிருக்கு தம்பி. டாக்டரும் இதேதான் சொன்னாரு" என்றார். அவருக்கு இதயக் கோளாறு இருப்பது எங்களுக்குத் தெரிந்தது அப்போதுதான்.

நாங்கள் பிறந்த தோட்டம் விற்கப்பட்டுவிட்டது. அங்கே தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் இன்னும் குடியிருக்கும் குடும்பங்களை வெளியேறச் சொல்லியிருந்தார்கள். அக்கா அதை வாராவாரம் எழுதினார். நிலத்தை வாங்கிய நிறுவனத்தின் ஆள் மாடிக்கு வந்தார். ஆண்டு முழுவதும் முழுப் பக்க விளம்பரம் தருவதாகச் சொன்னார். நீதிமன்றத்தில் வழக்கு வரும் வாரம் மட்டும் அந்தச் செய்தி வேண்டாம் என்றார். ஏழாம் பக்கம் பாதி காலியாக வந்துகொண்டிருந்த நேரம் அது.

அவர் இறங்கிப் போனதும் செல்வி கேட்டாள். "ஒரு வாரந்தானே அக்கா? பேப்பர் பொழைச்சுக்கும்."

"அந்த ஒரு வாரத்துல வீட்ட உடைச்சிட்டா? பேப்பர் பொழைச்சு என்ன எழுதும்?"

செல்வி கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா அவள் தோளில் கைவைத்து, "கோவமா? வா, மீ கோரேங் வாங்கித் தரேன்" என்றார்.

வழக்கு வரும் வாரத்திற்கு முந்தைய வாரம் அக்கா மருத்துவமனையில் சேர்ந்தார். கண்ணாடியின் கீழ் இருந்த தாள், வழக்குச் செய்தி வரும் முதல் பக்கத்தின் அச்சுப்படி. கடைசி வரி வரை திருத்தியிருந்தார். அதைச் செல்வியிடம் சேர்த்துவிட்டேன்.

அக்கா இறந்த அன்று பிற்பகல், நிலத்தை வாங்கிய அதே நிறுவனம் முழுப் பக்க இரங்கல் விளம்பரம் ஒன்றை அனுப்பியது. அக்காவின் படத்தை வைத்து, அழகாகவே செய்திருந்தார்கள். முதல் பக்கத்தில் வர வேண்டும் என்பது அவர்கள் விருப்பம்.

"அண்ணே, என்ன செய்ய?" என்று செல்வி தொலைபேசியில் கேட்டாள்.

"அக்கா திருத்தின பக்கம் உன்கிட்டதானே இருக்கு?"

"இருக்கு அண்ணே." பிறகு அக்காவின் மரண அறிவிப்பை எனக்கு வாசித்தாள். என் பெயர், என் மனைவி பெயர், பிள்ளைகள் பெயர். ஒவ்வொன்றுக்கும் நான் 'ம்' சொல்லும்வரை காத்திருந்தாள். கடைசியில் அவள் பெயர் இல்லை. சேர்க்கச் சொன்னேன்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட தாதியர், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த உறவினர், அன்றைய வேலையை விட்டுவிட்டு லயத்திலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பங்கள், இன்று கருமக்கிரியைக்கு வந்து இந்த நினைவு மலரைப் பெறும் நீங்கள் அனைவரும் எங்கள் நன்றிக்குரியவர்கள்.

அந்த வார இதழ் வழக்கம்போல் வெளிவந்தது. லயத்து வீடுகளின் செய்தி முதல் பக்கத்தில் இருந்தது. அக்காவின் மரண அறிவிப்பு ஏழாம் பக்கத்தில், எல்லோருக்கும் போடும் அளவில் வந்தது.