ராட்டினத்தில் பெண் பார்த்தது

என் கையெழுத்தை முதலில் மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பேனா பிடித்த நாட்களைவிட உளி பிடித்த நாட்களே அதிகம். தியாகராய நகரில் ஒரு பாத்திரக்கடையில் எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுவது என் வேலை. அந்தப் பழக்கத்தில் காகிதத்தில் எழுதினாலும் எழுத்துக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி நிற்கின்றன. ஒற்று விட்டுப்போன இடத்திலும், ரகரம் றகரம் மாறிப்போன இடத்திலும் படிக்கிறவர்களே சரிசெய்துகொண்டால் புண்ணியமாகப் போகும்.

இதை நான் எழுதக் காரணம், எங்கள் வீட்டில் இந்த விஷயத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வேறு யாராவது முடித்துவிடுகிறார்கள். நாலு பேர் நடுவில் பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஒரே பெண். அவளுக்குக் கல்யாண வயது வந்தபோது நாங்கள் மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தோம். ஒரு கோடையில், தெருமுனை அடிபம்பில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்றிருந்தவள் மயங்கி விழுந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை. விரதம் என்று காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விழுந்தவளின் முகத்தில் தண்ணீர் தெளித்திருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் பக்கத்து வீட்டு அம்மாள் நல்ல எண்ணத்தில்தான் ஓடி வந்து, இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் திணித்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டாள். வலிப்பு வந்தவர்களுக்குத்தான் கையில் இரும்பைக் கொடுப்பார்கள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். அவள் விழுந்ததை மறந்துவிட்டார்கள். சாவிக்கொத்தை மறக்கவில்லை.

அதன் பிறகு வந்த சம்பந்தங்கள் வீட்டு வாசல்வரை வரவில்லை. பெண் வீட்டைப் பற்றி விசாரிக்கிறவர்கள் முதலில் தெருமுனைக் கடையில்தானே விசாரிப்பார்கள்? நான் அந்தக் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அங்கே பேச்சு சட்டென்று நின்றது போலத் தோன்றும். நிஜமாக நின்றதா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா என்று இன்றுவரை தெரியாது.

என் தொழிலும் சந்தேகத்தை வளர்க்கிற தொழில். கல்யாணச் சீர் பாத்திரங்களுக்குப் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் சேர்த்து வெட்டிக் கொடுப்பேன். பத்து நாள் கழித்து அதே பாத்திரத்தைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு யாராவது ஒரு அண்ணனோ சித்தப்பாவோ வந்து, "இந்தப் பேரை மட்டும் அழிக்க முடியுமா?" என்று மெதுவாகக் கேட்பார். எவர்சில்வரில் வெட்டியது அழியாது. அப்படி எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த நிலையில் தரகர் ஒரு இடம் கொண்டுவந்தார். பையன் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். நங்கநல்லூரில் சொந்தமாகச் சின்ன வீடு. அப்பா இல்லை, அம்மா மட்டும்தான்.

"பொண்ண வூட்டுல வந்து பாக்க வேணாமாம். தீவுத்திடல்ல பொருட்காட்சி நடக்குதுல்ல? அங்க ராட்டினத்தாண்ட வந்து நிக்கச் சொன்னாங்க" என்றார் தரகர்.

கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பது உண்டு. பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்தது போலக் கலைந்து போய்விடலாம், தெருவுக்குத் தெரியாது. ஆனால் கபாலி கோயில் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது ராட்டினம் எதற்கு? என் மனைவி, "தெருவுல யாருக்கும் தெரியாம முடியுதே, அது போதாதா?" என்றாள். எனக்குப் போதவில்லை. மறுநாளே கடையில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஈக்காட்டுத்தாங்கலுக்கு பஸ் ஏறினேன்.

பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரிடமாவது கேட்கலாம் என்று வந்தவனுக்கு வாய் எழவில்லை. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

"இன்னா நைனா, டீயப் பாத்துகினே கீறே? குடிக்கிறதா, இல்ல பூசை போடறதா?" என்றார் கடைக்காரர்.

"எதிர்ல பட்டறையில ஒரு பையன்..." என்று ஆரம்பித்தேன்.

"பொண்ணு குடுக்கப் போறியா?"

நான் எழுந்து வந்துவிட்டேன். அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதே எனக்குப் புதுச் சந்தேகமாகிவிட்டது.

குறித்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் தீவுத்திடலுக்குப் போனோம். பொருட்காட்சி வாசலில் இருந்தே ராட்டினம் தெரிந்தது. கலர் பல்பு கட்டி, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது அச்சாணியிலிருந்து கிறீச் கிறீச் என்று சத்தம் வந்தது. ஒரு பெட்டியின் கொக்கிக்குப் பதிலாகக் கம்பியை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். நல்லவேளை, நாம் ஏறப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பையனின் அம்மா வந்தாள். என்னைவிடச் சில வயது மூத்தவளாக இருப்பாள். வெளிர்நிறப் புடவை, வெறும் நெற்றி, கையில் பெரிய டெல்லி அப்பளம். பின்னால் பையன். வாட்டசாட்டமாகத்தான் இருந்தான். ஆனால் எங்களை வணங்கிய கையோடு ராட்டினத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டான். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் என் பெண்ணை மேலும் கீழும் பார்க்கவில்லை. சமைப்பாளா, பாடுவாளா என்று கேட்கவில்லை. முதல் கேள்வியே, "ராட்டினம் ஏறுவியாம்மா?" என்பதுதான்.

சாவிக்கொத்து விஷயம் இவர்களுக்குத் தெரிந்துவிட்டது. யாரோ சொல்லிவிட்டார்கள். உயரத்தில் ஏற்றிச் சுற்றினால் மயங்குகிறாளா என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு.

"அதுக்கு இதெல்லாம் பழக்கமில்லீங்க" என்றேன்.

"எனக்கு மட்டும் பழக்கமா? பொறந்தப்பவே ராட்டினத்துலயா பொறந்தேன்? நீ வாம்மா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். என் பெண்ணும் என் முகத்தைப் பார்க்காமல் கூடவே போய்விட்டாள். டிக்கெட்டையும் அந்த அம்மாளே வாங்கினாள். "நீங்க ரெண்டு பேரும் பின்பெட்டில ஏறுங்க. ஆம்பளைங்க கீழ நின்னுகினு வேடிக்கை பாத்தா நல்லாவா கீது?" என்றாள். என் மனைவி செருப்பையும் பையையும் பார்த்துக்கொள்கிறேன் என்று தப்பித்துவிட்டாள்.

கம்பி கட்டிய பெட்டிதான் எங்களுக்கு வந்தது.

ராட்டினத்தில் ஒரேயடியாகச் சுற்றமாட்டார்கள். ஒரு பெட்டியில் ஆள் ஏற்றி, கொஞ்சம் நகர்த்தி, அடுத்த பெட்டியில் ஏற்றுவார்கள். அப்படி நகர்ந்து நகர்ந்து எங்கள் பெட்டி உச்சிக்குப் போய் நின்றது. ஒரு பக்கம் சென்ட்ரல் ஸ்டேஷன் மணிக்கூண்டு, இன்னொரு பக்கம் மவுண்ட் ரோட்டின் பதினாலு மாடிக் கட்டடம். கடல் இருக்கிற பக்கம் இருட்டு. நான் எதையும் பார்க்கவில்லை. எங்களுக்கு முன்பெட்டி ஒரு படி கீழே இறங்கி நின்றிருந்தது. அதில் என் பெண்ணின் உச்சி வகிடு தெரிந்தது. தலை சாய்கிறதா, சாய்கிறதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலை நேராகத்தான் இருந்தது. அந்த அம்மாளின் கைதான் காற்றில் எதையெதையோ காட்டிக்கொண்டிருந்தது.

அப்போது என் பெட்டி ஆட ஆரம்பித்தது. காற்று என்று நினைத்தேன். திரும்பினால் பையன். கண்ணை இறுக மூடியிருக்கிறான். பல்லைக் கடித்திருக்கிறான். உடம்பு முழுக்க வெடவெடவென்று நடுங்குகிறது. நெற்றியில் வேர்வை கொட்டுகிறது.

அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. ஆக, வியாதி இவனுக்குத்தான்! அதனால்தான் வீட்டுக்கு வரவில்லை. அதனால்தான் பெண்ணைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வியாதிக்காரன் தலையில் என் பெண்ணைக் கட்டப் பார்க்கிறார்கள்.

இப்படி நினைத்துக்கொண்டே என் கை தானாக மடியைத் துழாவியது. கடையின் பின்கட்டுச் சாவிக்கொத்து என்னிடம்தான் இருக்கும். அதை எடுத்து அவன் உள்ளங்கையில் திணித்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டேன்.

அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். கையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இது இன்னாத்துக்கு?"

"ஒண்ணுமில்ல தம்பி. அப்படியே கெட்டியா புடிச்சிக்க. சரியாயிடும்."

"அய்ய, எனக்கு வலிப்பு இல்லீங்க! உசரம்னா பயம். சின்னப் புள்ளலேர்ந்து மொட்டைமாடிக்குக்கூடப் போவமாட்டேன்."

எனக்கு அவமானமாகிவிட்டது. அவசரமாக, "என் பொண்ணுக்கும் இல்ல தம்பி. சத்தியமா இல்ல" என்றேன்.

அவன் இரண்டாவது கண்ணையும் திறந்தான். "அதுக்கு கீதுன்னு யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. இத்தனை நாள் தெருமுனைக் கடையைப் பார்த்துப் பயந்த நான், அந்தக் கடை செய்யாமல் விட்டதை என் வாயாலேயே செய்து முடித்திருந்தேன். ராட்டினம் ஓட ஆரம்பித்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். அதன் பிறகு எத்தனை சுற்று சுற்றினோம் என்று எனக்குத் தெரியாது. அவன் அம்மாவிடம் சொல்வானா, எப்போது சொல்வான் என்ற நினைப்பு மட்டும்தான் கூடவே சுற்றியது.

இறங்கும்போது என் பெண்ணும் அந்த அம்மாளும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் மகனைப் பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள். சாவிக்கொத்தை அவன் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா இது, சாவிக்கொத்து?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"பயந்துட்டேன்மா. அவருதான் குடுத்தாரு."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "உனக்கு? சாவிக்கொத்து?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

என் பெண்ணின் முகத்தில் மட்டும் சிரிப்பு நின்றுவிட்டது. சாவிக்கொத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் அப்படி நேராக நிமிர்ந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

"எனக்கும் ஒரு தடவை குடுத்தாங்கம்மா" என்றாள். அடிபம்பு, வரிசை, பக்கத்து வீட்டு அம்மாள் எல்லாவற்றையும் அங்கேயே, அவ்வளவு கூட்டத்தின் நடுவில் சொன்னாள். என் மனைவி அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். நிறுத்தவில்லை.

அந்த அம்மாள் முழுதும் கேட்டுவிட்டு, "அன்னிக்கு இன்னா சாப்ட்ட?" என்றாள்.

"ஒண்ணும் சாப்பிடல. வெள்ளிக்கிழமை."

"வெறும் வயித்தோட வெயில்ல நின்னா மயக்கம் வராம, பின்ன பாட்டா வரும்?" என்று சொல்லிவிட்டு, கையில் மீதமிருந்த அப்பளத்தை உடைத்து அவளிடம் பாதி கொடுத்தாள்.

எனக்கு அப்போதும் அடங்கவில்லை. எங்கிருந்து தைரியம் வந்ததோ, நானே கேட்டேன். "அப்ப எதுக்குங்க ராட்டினம்?"

அவள் முகம் கொஞ்சம் கூச்சப்பட்டது. "எங்க வூட்டுக்காரரு இருந்த வரிக்கும் வருசா வருசம் கூட்டிகினு போறேன்னு சொல்லிகினே இருந்தாரு. அவரும் பூட்டாரு. இவனைக் கூப்ட்டா தொடை நடுங்கறான். தாலியறுத்தவ தனியா ராட்டினம் ஏறினா டிக்கெட் கிழிக்கறவன்கூட சிரிப்பான். பொண்ணு பாக்கற சாக்குல ஒருவாட்டி ஏறிடலாம்னு பாத்தேன். தப்பா?"

தப்பு என்று யார் சொல்வது? ஆனால் நான் நம்பவில்லை.

மூன்றாம் நாள் தரகர் வந்து, அவர்களுக்குச் சம்மதம் என்றார். என் மனைவி சாமி விளக்கை ஏற்றினாள். எனக்குச் சந்தேகம்தான் ஏறியது. வலிப்பு என்ற வார்த்தையைக் கேட்டாலே ஓடுகிற உலகத்தில், அதைக் கேட்டுக்கொண்டே அப்பளம் தின்று, மூன்றே நாளில் சரி என்று சொல்கிற குடும்பத்தில் ஏதோ இருக்கத்தான் வேண்டும். என் பெண்ணிடம் கேட்டேன். "பையனை நான் சரியாவே பாக்கலப்பா. அந்தம்மாவப் புடிச்சிருக்கு" என்றாள். அது ஒரு பதிலா?

நங்கநல்லூரிலேயே போய் விசாரித்துவிடுவது என்று கிளம்பினேன். வெயில் நேரம். அவர்கள் தெருவின் முனையில் ஒரு பெட்டிக்கடை இருந்தது. அதன் எதிரே போய் நின்றேன். கடைக்காரரும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்று கேட்டால் அவர்கள் ஒன்பது சொல்வார்கள். அந்த அம்மாள் ராட்டினம் ஏறியதைக்கூடச் சொல்வார்கள். எங்கள் தெருமுனையில் இப்படி எத்தனை அப்பாக்கள் வந்து நின்றிருப்பார்கள், என்னென்ன கேட்டுக்கொண்டு திரும்பியிருப்பார்கள் என்று அப்போதுதான் தோன்றியது.

"இன்னா சார் வேணும்?" என்றார் கடைக்காரர்.

நாக்கு நுனிவரை வந்த கேள்வியை விழுங்கினேன்.

"ஒரு கவுளி வெத்தலை. பாக்கு. நல்ல இலையா பாத்துக் குடுங்க. கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லப் போறேன்."

அவர் நல்ல இலைதான் என்றார். இருந்தாலும் ஓட்டையோ அழுகலோ இருக்கிறதா என்று ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டு, அவர்கள் வீட்டைத் தேடி நடந்தேன்.

எழுதி முடித்தது: 1978-ஆம் வருஷம், புரட்டாசி மாதம், இரண்டாம் சனிக்கிழமை.