இறங்கவேண்டிய இடத்தில் இறங்கிய மருந்து

நான் பஸ் கண்டக்டர். மலேசியாவில் ஈப்போவுக்கும் தைப்பிங்குக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருந்தவன். ஓடாமல் இருந்தால் எனக்கு மூச்சு முட்டும். அப்படிப்பட்டவனை எண்பத்தாறாம் வருஷம் ஒரு வியாதி கக்கூஸ் வாசலில் கட்டிப் போட்டது. வெள்ளிக்கிழமை பஜனைக்கு வருகிற உங்களுக்கு இதை எழுதிச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கமெல்லாம் அந்த வருஷமே இரத்தத்தோடு போய்விட்டது.

ஆமாம், இரத்தம். வயிற்றைப் பிசையும், ஓடுவேன், இரத்தமாகப் போகும். வந்து உட்காருவதற்குள் மறுபடி பிசையும். சிம்மோரில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் ஓடியிருக்கிறேன். "என்னா அண்ணே, பின்னால சொந்தமா கடை வச்சிருக்கீங்களா?" என்று ஒருத்தன் கேட்டான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அதோடு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

பிறகு ஈப்போ புந்தோங்கில் எங்கள் வீடுதான். ஒரு அறை, ஒரு சன்னல், பின்கட்டில் கக்கூஸ். தெருவில் பஸ் போகும். கியர் மாற்றுகிற சத்தத்திலேயே எந்த டிரைவர் என்று தெரியும். நான் படுத்திருப்பேன். கல்யாணத்துக்குப் போகவில்லை. சாவுக்குப் போகவில்லை. நான் பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக்கூடப் போக முடியவில்லை. கோலா கங்சார் பக்கம் அது. ரப்பர்ப் பால்மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள், சனங்கள் கலைந்தார்கள், ஆத்தா மட்டும் அங்கேயே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். கிருமி இல்லையாம். உடம்பைக் காக்கவேண்டிய சக்தியே, எதிரி என்று நினைத்து என் பெருங்குடலை அடித்துப் புண்ணாக்குகிறதாம். அந்தச் சண்டையை அடக்க ஒரு மாத்திரை கொடுத்தார். கேட்கவில்லை. வயிறு எரிந்ததுதான் மிச்சம், வாந்தி வேறு. மெலிந்து மெலிந்து, கடைசியில் வார்டில் சேர்த்தார்கள். மறுநாள் காலை டாக்டர், இனி மருந்தை நம்பிப் பயனில்லை, பெருங்குடலை எடுத்துவிட்டு வயிற்றில் ஓட்டை வைத்துப் பை மாட்டவேண்டி வரும் என்றார்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அதுவரை "குணமாக்கு ஆத்தா" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அதைக் கேட்கவும் தெம்பில்லை. "தாயே, மருந்து எங்க அடைபட்டு நிக்குதுன்னு மட்டும் காட்டு. அப்புறம் வெட்டுனாலும் சரி." அவ்வளவுதான். அழுகைகூட வரவில்லை.

மத்தியானம் என் மனைவி சரோஜா வந்தாள். வாராவாரம் அவள்தான் பஸ் ஏறி அந்தக் கோயிலுக்குப் போய், மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தீர்த்தத்தைப் போத்தலில் பிடித்து வருவாள். வார்டு நர்ஸ், நாங்கள் மிஸி என்போம், மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். சரோஜா வழக்கம்போல மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கினாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் எதையும் பொடித்துத் தண்ணீரில் கலக்கித்தான் கொடுப்பார்கள். மருந்து என்றால் எங்களுக்கு அதுதான். இவள் தண்ணீருக்குப் பதில் தீர்த்தத்தில் கலக்குவாள். மருந்துக்குள்ளே ஆத்தாவும் கரைய வேண்டுமே. நானும் அப்படி நம்பித்தான் மாதக்கணக்கில் குடித்தேன்.

நொறுங்குகிற சத்தத்துக்கு மிஸி திரும்பினார்.

"என்ன செய்யிறீங்கள்?"

"பொடிச்சிக் குடுக்கறேன் மிஸி. ஆத்தா தண்ணியில. வீட்டுலயும் அப்படித்தான்லா."

மிஸி வந்து கரண்டியை வாங்கினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "இதை உடைக்கக் கூடாது அம்மா. மேல பூசியிருக்கிற உறைதான் இதை வயித்துப் புளிப்பில கரைய விடாமல் குடலுக்குக் கொண்டுபோகுது. உடைச்சால் வயித்திலேயே கரைஞ்சிடும். புண் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேராது."

சரோஜா தீர்த்தப் போத்தலைக் கீழே வைத்தாள். "நானே இவரக் கொன்னுருப்பேனே" என்றாள்.

எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்தது. காலையில் கேட்டேன், மத்தியானம் காட்டிவிட்டாள். "தைப்பிங்குக்கு டிக்கெட் வாங்குனவன பாதி வழியில, சுங்கை சிப்புட்டுல இறக்கி விட்டிருக்க, சரோ" என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

"அப்ப தீர்த்தம், மிஸி?" என்று பயந்து பயந்து கேட்டாள்.

"விழுங்கத் தண்ணி வேணும்தானே. காய்ச்சி ஆறவைச்சுக் கொண்டு வாங்கோ."

மிஸி சொன்னதைக் கேட்டு டாக்டர் கத்தியைத் தள்ளிவைத்தார். சரியாக விழுங்கு, பார்க்கலாம் என்றார். முழுசாக விழுங்கினேன். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடி அதோடு நானும் போவேன். தொண்டை, இருட்டு, புளிக்கும் குளம், வளைந்து வளைந்து போகும் பாதை. இன்னும் இறங்காதே, இன்னும் இறங்காதே. வாரங்கள் போயின. இரத்தம் குறைந்தது. பிசைவதும் அடங்கியது. ஒரு காலை, காப்பியை முழுசாகக் குடித்து முடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஓடவில்லை. சரோஜா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பால் பொங்கி வழிந்தது.

வியாதி ஒழிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். தூங்குகிறது. மாத்திரை இன்னும் உண்டு, தீர்த்தமும் உண்டு. அடுத்த ஆடியில் இருவரும் பஸ் ஏறினோம். சிம்மோர் போனது. சுங்கை சிப்புட் போனது. எங்கேயும் நிறுத்தச் சொல்லவில்லை. செம்பனைக்கு நடுவே நடந்துபோய் ஆத்தா முன்னால் நின்றேன். கேட்க ஒன்றும் இல்லை. பூசை முடியும்வரை சும்மா நின்றேன். அப்படி நிற்க முடிந்ததே, அதுதான் அவள் கொடுத்தது.

இதைப் படிக்கிற யாராவது ஓர் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தால், அவளிடம் கேளுங்கள். யார் வாயால் பதில் வந்தாலும் காது கொடுங்கள். உடனே கரையவில்லையே என்று உடைத்துப் பார்க்காதீர்கள். அவள் ஏற்றிவிட்டது வழியில்தான் இருக்கிறது. அதுவரை டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.