மையவாடியின் கடல்பக்கம்

சாய்ந்தமருதுக் கடற்கரை மையவாடியில் சீனிமுகம்மது இறந்தவர்களுக்குக் கபுறு வெட்டத் தொடங்கி இருபத்தாறு வருசம். அப்போது மதிலுக்கும் தண்ணீருக்கும் நடுவே பொடியன்மார் கிரிக்கெட் அடிக்க இடமிருந்தது. இப்போது மதிலே இல்லை.

வடக்கே ஒரு விடுதிக்கு முன்னால் கருங்கல் போட்டார்கள். கல் முடிந்த இடத்திலிருந்து கடல் மையவாடியை அறுக்கத் தொடங்கியது. போன மாரியில் ஓர் அதிகாரி வந்து நாடா பிடித்து அளந்தார்.

"உலகமெல்லாம் சூடு கூடி கடல் எழும்புது, காக்கா."

"இதில கெடக்கிறவங்க என்னத்த எரிச்சாங்க சேர்? மண்ணெண்ணெய் விளக்குத்தானே."

கல் குறைவாம். கட்டடமும் குடியிருப்பும் உள்ள இடத்துக்குத்தான் முதலில் போடுவார்களாம். "இந்தப் பக்கம் ஆக்கள் இல்லத்தானே" என்றார் அதிகாரி.

"இரிக்காங்க சேர். கதைக்கத்தான் மாட்டாங்க."

வசதியுள்ள குடும்பங்கள் அதற்குள் மேற்கே வயலோரம் மேட்டுக்காணி வாங்கி, தங்கள் மௌத்துகளை அங்கே கொண்டுபோய் அடக்கத் தொடங்கின. மீன்காரரும் கூலிக்காரரும் வழமைபோல இங்கேதான்.

கார்த்திகைக் கடைசியில் மீன்வாடியில் கூலி வேலை செய்த மஜீட் மௌத்தானார். மகன் றிபாஸ் சீனிமுகம்மதுவிடம் வந்தான்.

"சாச்சா, வாப்பாவ றோட்டுப்பக்கமா வைக்க ஏலாதா?"

"அங்கால நிறைஞ்சிட்டு மகன். கடலோரம் ரெண்டாம் வரிசையிலதான் இடமிரிக்கி."

சொல்லும்போது அவன் முகத்தை அவர் பார்க்கவில்லை. இடுப்பளவு வெட்டுமுன்பே அடியில் தண்ணீர் ஊறியது. வாளியால் இறைத்து இறைத்து, அவசரமாக அடக்கினார்கள். துஆ ஓதும்போது எல்லாருடைய கண்ணும் கடலிலேயே இருந்தது.

ஒன்பதாம் நாள் இரவு வாடைக்காற்று பேயாய் அடித்தது. விடியலில் ஸுபஹு தொழுதுவிட்டு சீனிமுகம்மது போய்ப் பார்த்தால், முன்வரிசையைக் காணவில்லை. அதில் தலைமாட்டுக்கு நட்டிருந்த மீஸான் கட்டைகள் நுரையில் புரண்டுகொண்டிருந்தன. மஜீடின் மேல் மூடிய பலகை, அறுந்த மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

கபுறைத் திறந்து எடுக்கலாமா என்று மௌலவியிடம் ஆளனுப்பிக் கேட்டார். உடனே எடுங்கள் என்று பதில் வந்தது. றிபாஸும் அவருமாகக் கஃபன் துணியோடு அப்படியே தூக்கினார்கள். றிபாஸ் அழவில்லை. "எங்க சாச்சா வைக்கிற?" என்று மட்டும் கேட்டான். வாசலிலிருந்து உள்ளே போகும் நடைபாதையைச் சீனிமுகம்மது வெட்டத் தொடங்கினார்.

இப்போது ஜனாஸா சுமந்து வருகிறவர்களுக்குப் பாதையில்லை. கபுறுகளுக்கு இடையில் பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிறார்கள். அந்தப் பாதையிலும் இன்னும் மூன்று பேருக்குத்தான் இடம். வாடை ஓய ஒன்றரை மாதம் கிடக்கிறது.

போன வெள்ளி ஜும்ஆ முடிந்து வந்து, மையவாடிக்குப் பின்னால் இருக்கும் தன் வீட்டு வளவைக் காலடி வைத்து அளந்தார். மகள் நஸ்லா குசினியிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"என்ன வாப்பா பாக்கிறீங்க?"

"கொட்டிலப் பிரிச்சா எத்தின கபுறு கொள்ளும் எண்டு பாக்கன்."

அவள் வெளியே வந்து கடல்பக்கம் பார்த்தாள். பிறகு, "நம்மட வளவுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம் வாப்பா?" என்று கேட்டாள்.

அதையும் அவர் அளந்துதான் வைத்திருந்தார்.