கண்ணாடிக்குள் கருவாட்டுக் கடை

இடுக்கி மலையில் எங்கள் ஊர்ச் சந்தையில் இருபத்திரண்டு வருஷம் கருவாடு விற்றவள் புஷ்பமேரி. பக்கத்து வெற்றிலை பாக்குக் கடை என்னுடையது. என் பெயர் செல்லத்துரை. அவள் கதையைச் சொன்னால் என் வெட்கக்கேட்டையும் சொல்லியாக வேண்டும். கேட்டுத் தொலையுங்கள்.

தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, கொழுந்து கிள்ளி, புருஷன் செத்த பிறகு கூடையோடு சந்தைக்கு வந்தவள். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டே அவள் முன்னால் நிற்கும். நெத்திலியை மென்று உப்புப் பார்ப்பார்கள், சாளையை மோந்து பார்ப்பார்கள். “மோந்தே வயித்த ரொப்பிருவியளோ?” என்பாள். சிரித்துக்கொண்டே வாங்குவார்கள்.

அப்புறம் பாரம்பரியச் சந்தைக் கமிட்டி என்று ஒன்று வந்தது. நூறு வருஷக் கட்டடம், இடிக்க மாட்டோம், அழகாக்கிப் பழைய வியாபாரிகளுக்கே தருவோம் என்றார்கள். கல்தூண்களைத் தேய்த்துக் கழுவினார்கள். ஒரு பக்கம் காபிக் கடை, மறுபக்கம் கூத்து மேடை. எங்கள் கையில் மலையாளத்தில் எட்டுப் பக்க ஒப்பந்தக் கடுதாசியைக் கொடுத்தார்கள்.

நாளெல்லாம் மலையாளம் பேசுகிறவர்கள்தான் நாங்கள். வாசிப்பதா? பஸ் போர்டைத் தாண்டி எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் சந்தையில் எனக்குப் படித்தவன் என்று பேர். அதை விட மனசு வரவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டி, உதட்டை அசைத்து, எட்டுப் பக்கமும் புரட்டினேன். “எல்லாம் நமக்குச் சாதகமாத்தான் இருக்கு. கையெழுத்தப் போடு” என்றேன். போட்டாள். நானும் போட்டேன். என் திமிரைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கடுதாசிக்குள் என்ன இருந்தது என்பது புதுக் கடை திறந்த பிறகுதான் தெரிந்தது. தொழிலை மாற்றக் கூடாது. தொடர்ந்து மூன்று நாள் அடைத்தால் கடை போய்விடும். வாடை வரக் கூடாதாம், கருவாடு கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டுமாம். மலைப் பனிக்குப் பெட்டிக்குள் கருவாடு வேர்த்துப் பூசணம் பூத்தது. தொட்டுப் பார்க்க முடியாத கருவாட்டை எவன் வாங்குவான்? எஸ்டேட் சனம் வருவதை நிறுத்தியது. சுற்றுலாக்காரர்கள் மட்டும் வந்து அவளைப் படம் பிடித்தார்கள். கமிட்டி தரும் மாதப் படிதான் அவளுக்குச் சோறு. காலை ஒன்பது முதல் இரவு ஏழு வரை, இரண்டு வருஷம், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

திருப்பூரில் இருக்கும் அவள் மகள் லிஜிக்கு அப்போது ஒன்பதாம் மாதம். “தலைப்பிரசவம்ணே. ஆத்தா பக்கத்துல இல்லாம பிள்ளை பெறணுமா? இங்க கூட்டியாரவும் வீடில்ல” என்று புஷ்பமேரி என் கடை முன்னால் நின்று அழுதாள்.

கமிட்டி ஆபீஸ் மேனேஜர் கோபிநாத்திடம், அவள் இல்லாத நாளில் கடையில் வேறு யாராவது உட்காரலாமா என்று கேட்டோம். “சொந்தக்காரங்க யாராவது இரிக்கலாம் சேச்சி. ரத்த சொந்தம் வேணும்” என்றார்.

“நான் கூடப்பிறந்த அண்ணன்தான் சார்” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் கிறிஸ்தவள், நான் இல்லை; ஆனால் என் பெயரை வைத்து எந்த மதம் என்று யாராலும் சொல்ல முடியாது. “சேச்சி வர்ற வரை கடைக்கு நீங்க பொறுப்பு” என்று ஒரு தாளை நீட்டினார். அதையும் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன். புஷ்பமேரி தன் கடுதாசியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறினாள்.

என் கடையில் பாதி நாள், அவள் கடையில் பாதி நாள் உட்கார்ந்தேன். நாற்பது நாள்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று நினைத்தேன். நாற்பதாம் நாள் போன் வந்தது.

“பேத்திக்கு ரோஸ்னு பேரு வச்சாச்சுண்ணே. தெருமுனையில கருவாட்டுக் கூடை போட்டிருக்கேன், வியாபாரம் நல்லா ஓடுது. நான் இனி வரல.”

“ஏட்டி, எங் கதி என்ன? உன் கடைய விட்டா, பொய்க் கையெழுத்துன்னு என் கடையையும் புடுங்கிருவானே!”

“எம் மருமவன் ஜோபி மலையாளப் பள்ளிக்கூடத்துல படிச்சவரு. எட்டுப் பக்கத்தையும் வாசிச்சுச் சொன்னாரு. கண்ணாடிப் பெட்டி, மூணு நாளு, எல்லாம் அதுலயே எழுதியிருக்குண்ணே. நீங்க சொன்னீங்கன்னு நான் ரெண்டு வருசம் உக்காந்தேன். இப்ப நீங்க உக்காருங்க.”

போனை வைத்துவிட்டாள். இரவு ஏழு வரை நான் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வேண்டும். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது.