மாப்ளையின் விமானம்

அந்தக் காலாண்டு விடுமுறையில் அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகவே நினைவில்லை. "ஏய்" என்பார், "இந்தாடி" என்பார். ஆனால் சென்னையிலிருந்து வந்திருந்த அத்தை பையனை மட்டும் "மாப்ள, வாங்க மாப்ள, சாப்டீங்களா மாப்ள" என்று வாய் நிறைய அழைத்தார். அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. என்னைவிட இரண்டு வகுப்பு மேலே படித்தான், அவ்வளவுதான்.

அவன் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுவே முதல் முறை. நான் பிறப்பதற்கு முன்பே அத்தை வேறு சாதிக்காரர் ஒருவரைத் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அவளும் வரவில்லை, வா என்று யாரும் கூப்பிடவும் இல்லை. அவள் வீட்டுக்காரரின் பெயர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் வந்து நான் கேட்டதில்லை. தாத்தா காலமான பிறகுதான் அப்பா தங்கையிடம் போனில் பேச ஆரம்பித்தார். கெஞ்சிக் கெஞ்சிப் பேசியதில், தான் வர முடியாது என்று சொல்லிவிட்டு மகனை மட்டும் பஸ் ஏற்றி அனுப்பினாள். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? அதெல்லாம் பெரியவர்கள் சமாசாரம். என் கவலை, என் அப்பாவை ஒருவன் வந்து தூக்கிக்கொண்டு போகிறானே என்பதுதான்.

வரும்போது அவன் ஒரு ஷூ டப்பா கொண்டுவந்திருந்தான். உள்ளே ஒரு மோட்டார், பேட்டரி, ரிமோட், இறக்கையை அசைக்க இரண்டு குட்டி மோட்டார்கள். அவனுடைய அப்பா எலக்ட்ரீஷியனாம். ஒயரையெல்லாம் அவரே பற்றவைத்துக் கொடுத்தாராம். விமானத்துக்கு உடம்பு மட்டும்தான் பாக்கி.

அந்த உடம்பு எங்கள் கடையில் இருந்தது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே அப்பா போர்டு, ஸ்டிக்கர் கடை வைத்திருந்தார். தீபத் திருவிழாவுக்கு ஊர் முழுக்கக் கட்டும் வழிகாட்டி போர்டுகளில் பாதி அவர் செய்ததுதான். எல்லாம் உள்ளுக்குள் வரிசையாகக் குழல் ஓடும் பிளாஸ்டிக் அட்டை. மழையில் நனையாது, கையில் எடுத்தால் கனமே தெரியாது. போன வருஷம் மிஞ்சிய ஒன்றை அப்பா எடுத்துத் துடைத்தார். "கழிப்பறை" என்று பெரிதாக எழுதி அம்புக்குறி போட்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இரண்டு பேரும் கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு முக்கோணமாக வெட்டினார்கள். வால் கிடையாது, இறக்கைதான் விமானமே. அட்டையின் குழலுக்குள் குடைக்கம்பியைச் சொருகி விறைப்பாக்கினார்கள். பின்விளிம்பில் மேல்தோலை மட்டும் கத்தியால் கீறிவிட்டால் அந்த இடம் கதவுக் கீல் போல மடங்கும் என்பதை அப்பா கண்டுபிடித்து, சின்னப் பையன் மாதிரிக் கத்தினார். எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை, "போடி, போய் டேப் எடுத்துனு வா." எடுத்துக்கொண்டு போனேன். வேண்டுமென்றே மெதுவாகப் போனேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

ஷூ டப்பாவைப் பிரித்தபோது அப்பா அந்த ஒயர்களை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "நல்லா பத்த வெச்சிருக்காரு மாப்ள உங்கப்பா" என்றார். நான் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியபோதுகூட அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பெயரைத்தான் பொறுக்க முடியவில்லை. ஊரில் உள்ள கடை, வண்டி, வாசல் எல்லாவற்றிலும் பெயர் ஒட்டியவர், என் சைக்கிளில் என் பெயரை ஒட்டச் சொன்னால் "அப்பறம் பாக்கலாம்" என்றே இரண்டு வருஷம் ஓட்டியிருந்தார். அன்று அவன் கேட்காமலே சிவப்பு ஸ்டிக்கரை விரித்து, இறக்கையில் அவன் பெயரை எழுத்தெழுத்தாக ஒட்டினார். ஒட்டி முடித்துவிட்டு, "இனிஷியல் என்னா மாப்ள?" என்று கேட்டார். அவன் சொன்னான். அதையும் வெட்டி முன்னால் ஒட்டினார். அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு அப்பாவையே பார்த்தாள். பரவாயில்லை, எனக்காக வயிறெரிய அம்மாவாவது இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் ஊருக்குத் திரும்பும் நாள் காலையில் விமானத்தை விட முடிவாயிற்று. அவனை அழைத்துப்போக அத்தையே வருவதாகச் சொல்லியிருந்தாள், ஆனால் வீட்டுக்கு இல்லை. கீழ்பென்னாத்தூர் ரோட்டில் வறண்டு கிடந்த ஏரி ஓரமாக பஸ்ஸை விட்டு இறங்கி, அங்கேயே பையனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாளாம்.

நாங்கள் போனபோது அவள் கரைமேல் பையோடு நின்றிருந்தாள். கிட்டே வரவில்லை. அப்பாவும் அவள் பக்கம் போகாமல் விமானத்தைக் கையில் எடுத்தார். நான் வீசுகிறேன் என்றேன். "தள்ளி நில்லுடி" என்றார். இரண்டு எட்டு ஓடி மேல்நோக்கி வீசினார். முதல் தடவை மூக்கு குத்தி விழுந்தது. எனக்குப் பரம சந்தோஷம். பேட்டரியை இடம் மாற்றி மறுபடி வீசினார். கழிப்பறை, அம்புக்குறி, அவன் பெயர், இனிஷியல் எல்லாம் எழும்பி, கிர்ரென்று எங்கள் தலைக்கு மேலே ஒரு சுற்று வந்தன. "தூக்குங்க மாப்ள! இன்னும் மேல மாப்ள!" என்று அப்பா ஏரி அதிரக் கத்தினார்.

சத்தம் கேட்டுக் கரையில் டிவிஎஸ்ஸை நிறுத்தினார் எங்கள் பங்காளி பெரியவர் ஒருவர். "யாருப்பா இந்தப் பையன், புதுசாக் கீறான்?" என்று கேட்டார்.

"என் தங்கச்சி பையன்" என்றார் அப்பா, தேவைக்கு மேல் சத்தமாக. "எனக்கு மாப்ள."

பெரியவர் அத்தையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். விமானத்தை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காதது எனக்குப் பிடித்திருந்தது. அதற்குள் பையன் ரிமோட்டோடு தன் அம்மா பக்கம் திரும்பிவிட, விமானம் நேராகப் போய் வேலிகாத்தான் முள்ளில் செருகிக்கொண்டது. கரைமேல் அத்தை அப்படியே மண்ணில் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஒரு பிளாஸ்டிக் அட்டைக்கா இந்த அழுகை என்றிருந்தது எனக்கு.

அப்பா விமானத்தின் பக்கம் போகவில்லை. கரை ஏறிப் போய் அவளுடைய பையை எடுத்துக்கொண்டார். "எழுந்திரு, வூட்டுக்குப் போலாம்" என்றார். அவள் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

வண்டியில் நான் எப்போதும் உட்காரும் பின்சீட்டு அத்தைக்குப் போயிற்று. நடுவில் அவன், மடியில் உடைந்த இறக்கை. என்னைக் குழந்தை மாதிரி முன்னால் பெட்ரோல் டேங்க் மேல் ஏற்றி, பையையும் என் மடியில் திணித்தார் அப்பா. பாதி வழியில், திரும்பிப் பார்க்காமலே அத்தையைக் கேட்டார்:

"மச்சான் எப்ப வராரு?"

இவர்கள் இரண்டு பேர் போதாதென்று இன்னும் ஒரு ஆளா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.