மஞ்சள் கை பட்ட உப்புத் தண்ணீர்

கிணற்றுக்கு மருந்து போட்ட நாளில் தண்ணீர் மொண்டால் மூக்கைச் சுள்ளென்று பிடிக்குமே, அந்த நெடிதான் அன்று எங்கள் பள்ளிக்கூடக் கொட்டகையில் முதலில் கிளம்பியது. ஜவ்வாது மலையில் எங்கள் பள்ளிக்கு இருந்தது ஒரே கொட்டகை. நான் ஐந்தாவது, அக்கா வள்ளி எட்டாவது, நடுவில் ஒரு தட்டிதான் மறைப்பு. போளூரில் நடக்கப்போகிற அறிவியல் கண்காட்சிக்கு அக்காவை அழைத்துப் போவதாக வாத்தியார் சொல்லியிருந்ததால், அதுவரை மலையை விட்டு இறங்காத அவளுக்கு ஒரு வாரமாக அதே பேச்சு.

அங்கே காட்டப்போகிற, உப்புத் தண்ணீரில் மின்சாரம் விடும் சோதனைக்கு அன்று ஒத்திகை. டார்ச்சிலிருந்து கழற்றிய மூன்று "பேட்டரிக் கட்டை", இரண்டு கம்பி, கம்பி முனையில் பென்சிலின் கரிக்குச்சி, ஒரு கண்ணாடி டம்ளரில் உப்புத் தண்ணீர். கல்லுப்பைக் கரைக்கிற வேலையை அக்கா என்னிடம் விட்டிருந்தாள். காலையில் ஆடித் திருவிழாவுக்கு வீட்டில் மஞ்சள் இடித்தோம். கழுவியும் போகாத அந்தக் கையாலேயே கலக்கிவிட்டேன். தண்ணீர் லேசாக மஞ்சளித்தது. யாருக்குத் தெரியப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டேன்.

வாத்தியார் கம்பியை மாட்டியதும் இரண்டு குச்சியிலும் பொடிப்பொடியாகக் குமிழி வந்தது, கூடவே அந்த மருந்து நெடியும். அப்புறம் ஒரு குச்சியைச் சுற்றி மட்டும் தண்ணீர் சிவந்தது.

"வாத்தியாரு ஆரத்தி கரைக்கிறாருடா" என்று எவனோ சொல்ல, கொட்டகையே சிரித்தது. வாத்தியாருக்கு முகம் கறுத்துவிட்டது.

"இன்னா வள்ளி, குங்குமத்தப் போட்டு விளையாடுறியா? நீ போளூருக்கு வர வாணாம், போய் உக்காரு."

அக்கா அழவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஐந்து வருஷத்தில் "உள்ளேன் ஐயா" தவிர ஒரு சொல் பேசாத நான், தட்டியைத் தாண்டிப் போய் இரண்டு கையையும் நீட்டி, "நான்தாங்க சார். மஞ்சக் கை" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், மெல்லச் சிரித்தார்.

"மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா செவக்குதில்ல? அந்த மாதிரி காரம் இந்தக் குச்சிகிட்ட உண்டாவுது. இத்தினி வருசமா வாயால சொல்லிக்கினு இருந்தேன், இப்பத்தான் கண்ணால பாக்குறேன். வள்ளி, போளூருக்கு மஞ்சளும் எடுத்துக்கோ. இந்த மஞ்சக் கையையும் இட்டுக்கினு வா."

போளூரில் அக்கா மூச்சு விடாமல் விளக்கினாள். மஞ்சள் யாருடைய யோசனை என்று ஒரு அம்மா கேட்டபோது, நான் மேசைக்கு அடியில் இருந்தேன்.

இன்று அந்தக் கொட்டகையும் இல்லை, தட்டியும் இல்லை. டார்ச்சுக்குப் பேட்டரி கேட்டால் கடைக்காரர் செல்போனைக் காட்டிச் சிரிக்கிறார். அக்கா மட்டும் கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் கூடினால் போதும், இந்தக் கதையை எடுத்துவிட்டு, "இவதான் அது" என்று கை காட்டுகிறாள். நான் எழுந்து உள்ளே போய்விடுகிறேன். அன்று கொட்டகையில் சொன்னதோடு என் தைரியம் தீர்ந்துவிட்டது. மீதியை எழுதித்தான் சொல்ல முடிகிறது.